புலியை விடுவது யார்? பலியாவது யார்?

கூண்டில் பிறந்த புலியையும் சிறுத்தையையும் பழக்கிக் காட்டில் விடுவது பெரும் புண்ணிய காரியம் என்று சீமான்கள் பேசுகிறார்கள். பெரிய பத்திரிகைகள் ஆமாம் போடுகின்றன. புலி வாழ வேண்டும் என்பதில் நமக்கும் ஆட்சேபணை இல்லை. அந்தப் புண்ணியத்தின் செலவு யார் தலையில் விழுகிறது என்பதே நமது கேள்வி.

இச்சோதனை நம் நாட்டில் ஏற்கெனவே நடந்ததுதான். உத்தரப் பிரதேசத்தின் கேரி மாவட்டத்தில், துத்வா காட்டோரம், கபூர்தலா ராஜ குடும்பத்தைச் சேர்ந்த அர்ஜன் சிங்கின் 'டைகர் ஹேவன்' பண்ணை இருந்தது. வேட்டையைக் கைவிட்டுக் காட்டைக் காக்கப் போராடியவர் அவர். 1977ல் துத்வா தேசியப் பூங்கா ஆனதில் அவருக்குப் பங்குண்டு. அதை நாம் மறைக்கவில்லை. 1976ல், இங்கிலாந்தின் ட்வைகிராஸ் மிருகக்காட்சிசாலையில் பிறந்த தாரா என்ற புலிக்குட்டி அவரிடம் வந்தது. பிரதமர் இந்திரா காந்தியின் ஆதரவும் இருந்தது. 1978ல் தாரா காட்டுக்குள் போயிற்று.

அதையடுத்து அவ்வட்டாரத்தில் புலிக்கு இரையானவர்கள் இருபது பேருக்கு மேல். 1980ல் ஒரு பெண்புலி சுடப்பட்டது. அது தாராதான் என்றனர் அதிகாரிகள். இல்லை என்றார் அர்ஜன் சிங். 1990களில் துத்வா புலிகளின் ரோமத்தைச் சோதித்தபோது சைபீரியப் புலியின் கலப்பும் தென்பட்டது.

சுடப்பட்டது எந்தப் புலியாகவும் இருக்கட்டும். காடு கரும்புக் கொல்லையாகி, புலி கரும்புக்குள் படுத்ததும் உண்மைதான். ஆனால் மனிதன் கையால் இரை தின்று வளர்ந்த புலிக்கு மனித பயம் குறைவு. அதைத் தங்கள் ஊர்ப்பக்கம் விடலாமா என்று, கூலிக்குக் குனிந்து கரும்பு வெட்டும் ஜனங்களைக் கேட்டவர் யார்?

வேறு வழியும் உண்டு. மத்தியப் பிரதேசத்தின் கன்ஹாவில், தாயை இழந்த காட்டுப் புலிக்குட்டிகளை மனித வாடை அதிகம் படாமல் பெரிய அடைப்பில் வளர்த்து, 2011ல் பன்னா காட்டில் விட்டார்கள். அது தனியார் ஆசையல்ல. சர்க்கார் பொறுப்பேற்றுச் செய்த வேலை.

துத்வா எங்கே, குன்றாண்டார்கோவில் எங்கே என்று கேட்கலாம். நம் பக்கத்தில் புலி இல்லை. ஆனால் கேட்காமல் முடிவு செய்யும் வழக்கம் இங்கும் உண்டு. 1948 வரை புதுக்கோட்டை ராஜாவின் சமஸ்தானம். பிறகு வந்த வனத்தோட்டக் கழகம் தைலமரத்தை நட்டது. கண்மாய்க்கு நீர்வரத்து குறைகிறது என்று மானாவாரி விவசாயி இன்றும் முறையிடுகிறான். நடுமுன் அவனைக் கேட்டிருந்தால் இந்த வழக்கே வந்திராது.

இன்று ஜாம்நகரில் அம்பானி குடும்பத்தின் 'வந்தாரா' நிற்கிறது. 2025 மார்ச்சில் பிரதமர் மோடியே திறந்து வைத்தார். சட்டமீறல் இல்லை என்று உச்ச நீதிமன்றம் அமைத்த குழு கூறிவிட்டது. இருக்கட்டும். நாளை இத்தகைய இடங்களிலிருந்து புலியும் சிங்கமும் வெளியே விடப்படுமானால், முடிவு யார் கையில்?

காட்டிலிருந்து ஜனங்களை வெளியேற்ற கிராம சபையின் எழுத்து மூலமான சம்மதம் வேண்டும் என்கிறது 2006ம் ஆண்டின் வன உரிமைச் சட்டம். ஜனங்கள் நடுவே புலியை விடவும் அதே சம்மதம் வேண்டும் என்கிறோம் நாம். விடும் பொறுப்பு சர்க்காருடையதாக இருக்க வேண்டும். நஷ்டஈடு தாமதமின்றிக் கிடைக்க வேண்டும்.

புலிக்குக் காடு வேண்டும். காட்டோரத்து உழைப்பாளிக்கு உயிர் வேண்டும். இரண்டையும் சீமான்களின் விருப்பத்துக்கு விட்டுவைக்க முடியாது!