ஒரு நாற்காலி போட்டாச்சு, யாருக்கு?

கம்பெனி இயக்குநர் குழுவில் பொம்பளைக்கு இடம் வேணும்னு சொன்னா, உடனே 'தகுதி' என்கிறார்கள். இந்தச் சொல்லை நமக்கு யாரும் விளக்க வேண்டியதில்லை. நம் பிள்ளை கல்லூரிக்குப் போனபோதும் வேலைக்கு மனுப் போட்டபோதும் இதுதான் வாசலை மறித்து நின்றது.

2013 கம்பெனிச் சட்டத்தின் 149ஆம் பிரிவு, பங்குச் சந்தையிலுள்ள கம்பெனிகளின் குழுவில் ஒரு பெண்ணாவது இருக்க வேண்டும் என்றது. செபி 2014 அக்டோபர் வரை கெடு வைத்து, 2015 ஏப்ரலுக்கு நீட்டியது. கெடு நெருங்கியதும் பல முதலாளிகள் பெண்டாட்டியை, மகளை, மருமகளை உட்கார வைத்தார்கள். அப்ப மட்டும் தகுதி எங்கே போச்சு? பிறகுதான் சுயேச்சையான பெண் இயக்குநர் வேண்டும் என்ற விதி வந்தது: 2019இல் முதல் 500 கம்பெனிகளுக்கு, 2020இல் முதல் 1000 கம்பெனிகளுக்கு.

நார்வே 2003இல் 40 சதவீதம் என்று சட்டம் செய்தது. கேட்காத கம்பெனியைக் கலைக்கலாம் என்றது. 2008க்குள் நாற்காலிகள் நிரம்பின. தகுதியான பெண்கள் வானத்திலிருந்து குதிக்கவில்லை, ஏற்கெனவே இருந்தார்கள்.

ஆகவே நான் ஒதுக்கீட்டின் பக்கம்தான். ஆனால் எந்தப் பெண்ணுக்கு? 1000 பெரிய கம்பெனிகளின் இயக்குநர்களைச் சாதிவாரியாக எண்ணிய ஆய்வு 2012இல் 'எகனாமிக் அண்ட் பொலிடிகல் வீக்லி'யில் வந்தது. முன்னேறிய சாதியினர் ஏறக்குறைய 93 சதவீதம். தாழ்த்தப்பட்டோரும் பழங்குடியினரும் சேர்ந்தே 3.5. அதே வீடுகளிலிருந்து பெண்ணை எடுத்தால் மாறுவது ஆண் பெண் கணக்கு மட்டும்தான். சாதி அப்படியே உட்கார்ந்திருக்கும்.

என் அம்மா தோல் ஷாப்பில் ஈரத்தோலோடு முதுகொடிந்தவள். வேலையைக் காண்ட்ராக்டுக்கு விடுவதா, ஆலையை மூடுவதா என்று பேசும் மேசையை அவள் கண்ணால்கூடப் பார்த்ததில்லை. அந்த மேசைக்கு அவள் மகள் போகணும்.

முடியாத காரியமா? 1992இல் நிறைவேறிய 73ஆவது திருத்தம், ஊராட்சிகளில் தாழ்த்தப்பட்டோருக்கான இடங்களில் மூன்றில் ஒன்றை அந்தப் பெண்களுக்கே வைத்தது. 2023இன் 106ஆவது திருத்தமும் சட்டமன்ற, நாடாளுமன்றத் தனித்தொகுதிகளுக்கு அதையே சொல்கிறது. ஊராட்சிக்குத் தெரிந்த கணக்கு கம்பெனிக்கு மட்டும் தெரியாதாம்!

'சாதி பார்த்து நாற்காலி போடலாமா' என்று கேட்பார்கள். இத்தனை நாளும் அப்படித்தானே போட்டீங்க? குழுவில் எத்தனை பெண்கள் என்று வெளியிடுகிற கம்பெனி, எந்தெந்தச் சாதிக்கு எத்தனை நாற்காலி என்பதையும் வெளியிடட்டும். பெண்கள் ஒதுக்கீட்டுக்குள் தலித் பெண்ணின் பங்கைச் சட்டத்தில் எழுதட்டும். இரண்டையும் சேர்த்தே கேட்போம்.