அடியில் நின்று தாங்குதல்

செல்லூர் நேயர் ஒருவர் ஆங்கிலப் பத்திரிகையில் கண்ட வாக்கியம் ஒன்றை அனுப்பி, அதிலுள்ள ‘அண்டர்பின்’ என்னும் வினைக்குப் பொருள் கேட்டிருக்கிறார். நெசவாளரின் உழைப்பே கூட்டுறவுச் சங்கத்தை ‘அண்டர்பின்’ செய்கிறது என்பது வாக்கியம். அவருடைய குமாரன் அதை, ‘நெசவாளரின் உழைப்பு சங்கத்திற்கு அடிகோலியது’ என்று மொழிபெயர்த்தானாம். சரிதானா என்கிறார்.

சரியன்று. அடிகோலுதல் என்பது தொடங்கி வைத்தல். தொடங்கி வைத்தவருக்கு ஒரு மாலையைப் போட்டுக் கணக்கைத் தீர்த்துவிடலாம். ஆங்கில வாக்கியமோ, குழித்தறியில் இன்று உட்கார்ந்திருப்பவர் கையை எடுத்தால் சங்கம் சரிந்துவிடும் என்கிறது. மொழிபெயர்ப்பில் அவர் பழங்கதையாகிவிட்டார்!

இச்சொல் கொத்தனார் வேலையிலிருந்து வந்தது. களிமண் நிலம் மழைக்கு உப்பும், வெயிலுக்குச் சுருங்கும். கண்மாயை அடுத்து வீடு கட்டியவர்களுக்குச் சுவர் வெடிப்பதைப் பற்றி நாம் சொல்ல வேண்டியதில்லை. வெடித்த சுவருக்குப் பக்கவாட்டில் கட்டை நிறுத்தினால் அது முட்டுக் கொடுத்தல். சுவர் நிற்கும்போதே, அஸ்திவாரத்தின் கீழ் மூன்று நான்கு அடி நீளம் தோண்டி, கான்கிரீட் நிரப்பி, பழையதற்கும் புதியதற்கும் இடையே உள்ள சந்தில் கெட்டிக் காரையை இறுக அடைத்து, இப்படியே இடம் விட்டு இடமாகச் செய்து முடிப்பதுதான் ‘அண்டர்பின்’. ஒரேயடியாய்த் தோண்டினால் வீடு தலைமேல் விழும். அதற்கு ‘அண்டர்மைன்’ என்று பெயர். நாம் குழி பறித்தல் என்போம். (இதற்கு மட்டும் தமிழில் சொல் தேட வேண்டியிருக்கவில்லை!)

இவ்வேலைக்குப் பேர்போன உதாரணம் இங்கிலாந்தில் வின்செஸ்டர் நகரத்து மாதா கோயில். சதுப்பு மண்ணில் மரக்கட்டைகளைப் பரப்பி அதன்மேல் எழுப்பிய பகுதி அமிழ்ந்து, சுவர்கள் விரிந்தன. தோண்டினால் தண்ணீர், இறைத்தால் மண்ணும் கூடவே வந்துவிடும். ஆகவே 1906 முதல் 1911 வரை, வில்லியம் வாக்கர் என்ற மூழ்காளி ஒருவர் கலங்கிய நீருக்குள் இறங்கி, கண் தெரியாத இருட்டில் கையால் தடவித் தடவியே, 25,000-க்கு மேற்பட்ட கான்கிரீட் மூட்டைகளை அடுக்கினார். கோயில் நின்றது. 1964-ம் வருஷம் அவருக்கு ஒரு சிறு சிலை வைத்தார்கள். புகைப்படத்தில் ஆள் மாறிப்போய், மேலே நின்று யோசனை சொன்ன இஞ்சினீயர் பிரான்சிஸ் பாக்ஸின் முகத்தைச் செதுக்கிவிட்டார்கள்! சரியான சிலை வந்தது 2001-ல்தான்.

இனிப் பிரயோகம். ‘நெசவாளரின் உழைப்பே சங்கத்தை அடியில் நின்று தாங்கி வருகிறது’ என்று எழுதினால் போதும்; ‘தாங்கி வருகிறது’ என்னும் நிகழ்காலம் முக்கியம். ஆங்கிலத்தில் எழுதும் மாணாக்கர்கள் இவ்வினைக்குப் பின் ‘ஆன்’ என்ற ஒட்டைச் சேர்க்க வேண்டாம். கொள்கை, சட்டம், வாதம், வியாபாரம் முதலியவற்றை ‘அண்டர்பின்’ செய்யலாம். கஷ்டத்திலிருக்கும் நண்பருக்கு ஆதரவு கொடுப்பதை இச்சொல்லால் எழுதினால் ஆங்கிலேயர் சிரிப்பார்கள்.