பென்குயினை எண்ணி என்னா ஆவப்போவுது?

"இங்க போர்ல தண்ணி வல்ல, இவனுவ ஐஸுக்கு நடுவுல போயி பென்குயின் எண்றானுவளாம்." கருவேப்பிலங்குறிச்சி டீக்கடையில் இப்படிச் சொல்கிறவரோடு எனக்குச் சண்டை கிடையாது. நடுராத்திரியில் மும்முனை கரண்டு வருமா என்று மோட்டார் கொட்டகையில் காத்துக் கிடப்பவருக்கு எதையும் கேட்க உரிமை உண்டு. என் சண்டை எல்லாம், அதே வரியை நல்ல தமிழில் எழுதி, மேலே கொஞ்சம் ஏழை அரசியலைத் தூவி, முகநூலில் லைக் வாங்குகிற படித்தவர்களோடுதான். துருவத்தில் செய்யும் அடிப்படை ஆராய்ச்சி ஏழை நாட்டுக்கு ஆடம்பரம் என்கிறார்கள். ஏழைக்குத்தான் அது அவசியம் என்கிறேன் நான்.

முதலில் ஓசோன் கதையைப் பார்ப்போம். அண்டார்டிகாவில் ஹாலி பே என்ற பிரிட்டிஷ் நிலையம். 1950களின் பிற்பகுதியிலிருந்து அங்கே தலைக்கு மேலே எவ்வளவு ஓசோன் இருக்கிறது என்று அளந்துகொண்டே இருந்தார்கள். வருஷம் மாறும், ஆள் மாறும், வேலை மாறாது. இதைவிடச் சலிப்பான உத்தியோகம் இருக்க முடியாது. 1985இல் ஜோசஃப் ஃபார்மன், பிரையன் கார்டினர், ஜொனாதன் ஷாங்க்ளின் மூவரும் அந்தக் கணக்கை வெளியிட்டார்கள். ஒவ்வொரு அக்டோபரிலும் ஓசோன் சரசரவென்று இறங்கிக்கொண்டிருந்தது. செயற்கைக்கோளுக்கும் அந்தக் குறைந்த எண்கள் கிடைத்திருந்தன. ஆனால் நம்பத்தகாதவை என்று அவற்றைத் தனியே ஒதுக்கி வைத்திருந்தார்கள். இரண்டே வருஷத்தில், 1987இல், மாண்ட்ரியல் ஒப்பந்தம் வந்தது. ஃபிரிட்ஜிலும் ஸ்பிரே டப்பாவிலும் இருந்த குளோரோஃபுளோரோகார்பன் வாயுக்களுக்கு உலகம் கதவடைக்கத் தொடங்கியது.

இதில் கவனிக்க வேண்டியது பழைய நோட்டைத்தான். 1985இல் ஒருத்தர் புதிதாகப் போய் அளந்திருந்தால் குறைவான ஓர் எண் மட்டும் கிடைத்திருக்கும். "இந்த இடத்தோட இயல்பே அப்படித்தான்" என்று கம்பெனிக்காரன் சொல்லிவிட்டுப் போயிருப்பான். கால் நூற்றாண்டுக் கணக்கு கையில் இருந்ததால் அவன் வாய் அடைபட்டது.

அடுத்தது கரியமிலவாயு. தென் துருவத்தின் காற்றைச் சார்லஸ் டேவிட் கீலிங் 1957இல் அளக்கத் தொடங்கினார். பக்கத்தில் புகைபோக்கி இல்லை, காடு இல்லை, ரோடு இல்லை. உலகத்தின் மொத்தப் புகையும் கலந்து சமமான பிறகு அங்கே போய்ச் சேருகிறது. அதனால்தான் அளக்க அந்த இடம். அதே 1957இல்தான் எங்களுக்குப் பக்கத்து நெய்வேலியில் பழுப்பு நிலக்கரிச் சுரங்க வேலையை நேரு தொடங்கிவைத்தார். 1962இலிருந்து அங்கே மின்சாரம். அந்த மின்சாரத்தில்தான் எங்கள் பக்கம் பல்பு எரிந்தது, மோட்டார் ஓடியது. அந்தப் புகையின் பங்கும் தென் துருவக் கணக்கில் ஏறியிருக்கிறது. கீலிங் தொடங்கியபோது பத்து லட்சத்துக்கு 315 என்ற அளவில் இருந்தது, இப்போது 420ஐத் தொட்டுவிட்டது. துருவம் நமக்குத் தூரம் என்கிறவர்களுக்கு நம் புகையே அங்கே போய்ப் பதில் சொல்லிக்கொண்டிருக்கிறது.

1960களில் அண்டார்டிகாவின் அடேலி பென்குயின் உடம்பில் டி.டி.டி. இருப்பதைக் கண்டுபிடித்தார்கள். பயிரே இல்லாத கண்டத்தில் யார் பூச்சிமருந்து அடித்தது? யாரும் அடிக்கவில்லை. வயலில் அடிக்கிற விஷம் வயலோடு நிற்பதில்லை என்பதற்கு அந்தப் பறவையின் கொழுப்பு சாட்சி சொன்னது. எங்கள் முந்திரித் தோப்பில் மருந்து அடிக்கிற கூலியாளுக்கும் அந்தச் சாட்சி உரியது. பென்குயினை எண்ணுவதும் அறுத்துப் பார்ப்பதும் பென்குயினுக்காக மட்டும் நடக்கிற வேலை என்று நினைத்தால் எப்படி?

நம் நாட்டுக் கணக்குக்கு வருவோம். முதல் இந்தியக் குழு 1981 டிசம்பரில் சையத் ஜாஹூர் காசிம் தலைமையில் கோவாவிலிருந்து கிளம்பியது. தட்சிண கங்கோத்ரி நிலையத்தைப் பனி மூடிவிட்டது. பிறகு 1989இல் மைத்ரி, 2012இல் பாரதி. வடக்கே ஸ்வால்பார்டில் 2008லிருந்து ஹிமாத்ரி. 2014இல் அங்குள்ள கடலுக்குள் இண்டார்க் என்ற அளவீட்டுக் கருவித் தொகுதியை இறக்கினார்கள். இதில் செய்தியாவது எது? கொடி நட்ட நாள், திறப்பு விழா, அமைச்சர் படம். துருவ இருட்டில் உட்கார்ந்து காற்றழுத்தம் குறித்தவர் செய்தியாக மாட்டார். கொடியை நட ஒரு நாள் போதும். கணக்குக்கு ஐம்பது வருஷம் வேண்டும், அதுவும் விடாமல்.

விடாமல் என்பதை அழுத்திச் சொல்கிறேன். ஹவாய் மலையில் கீலிங் எடுத்த அளவீடு 1964இல் பணம் வெட்டப்பட்டதால் சில மாதம் நின்றது. அந்த வரைபடத்தில் இன்றைக்கும் அந்த இடத்தில் ஓட்டை. இனி எத்தனை கோடி கொட்டினாலும் 1964ஆம் வருஷத்துக் காற்றை யாரும் பிடித்துவர முடியாது. பாலம் கட்டுவதை ரெண்டு வருஷம் தள்ளிப் போடலாம். அளப்பதைத் தள்ளிப் போட்டால் போனது போனதுதான்.

இலக்கியம் படிக்கிற உங்களுக்கு இது புரியாத விஷயமே இல்லை. கண்மணி குணசேகரன் நடுநாட்டுச் சொல்லகராதியைத் தொகுத்தார். அதனால் ஒரு படி நெல் கூடுதலாக விளைந்ததா? இல்லை. ஆனால் நாளைக்கு ஒரு சொல் எங்கள் வாயிலிருந்து உதிர்ந்துவிட்டால், அது இருந்தது என்பதற்கு அந்தப் புத்தகம் ஆதாரம். அதைக் கொண்டாடுகிற அதே வாய், பனியில் பாசியையும் பறவையையும் எண்ணிக் குறிப்பவரைக் கிண்டல் செய்கிறது.

"அந்தக் காசை இங்க செலவு பண்ணு" என்பார்கள். சரி, பண்ணச் சொல்லி எத்தனை பேர் கேட்டீர்கள்? எங்கள் ஊரை ஒட்டி ஓடும் வெள்ளாறு பரங்கிப்பேட்டையில் கடலில் கலக்கிறது. அந்தக் கழிமுகத்தில் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தின் கடல் உயிரியல் ஆய்வு மையம் அரை நூற்றாண்டுக்கும் மேலாக மிதவை உயிரிகளையும் மீன்களையும் ஆராய்கிறது. துருவத்துக்குச் செலவு வேண்டாம் என்பவர்களில் எத்தனை பேர் அதற்காவது ஒரு வரி எழுதியிருக்கிறார்கள்? துருவ அளவீட்டை வீண் என்கிற மனசுக்கு வெள்ளாற்று அளவீடும் வீண்தான்.

அதன் பலனை ஆற்றோரத்துக்காரர்கள்தான் அனுபவிக்கிறார்கள். மணல் போன பிறகு அதிகாரி முன்னால் நிற்கிறபோது அவர் கேட்கிற முதல் கேள்வி: "முன்னாடி எவ்ளோ ஆழம் இருந்துச்சு? ஆதாரம் இருக்கா?" எதிர்த்தரப்பு ஆய்வறிக்கையோடு வருகிறது. விவசாயி கையில் ஞாபகம்தான் இருக்கிறது. "எங்க தாத்தா காலத்துல ஊத்து தோண்டுனா முழங்கையளவுல தண்ணி வரும் சார்." உண்மைதான். ஆனால் கோப்பில் தாத்தாவுக்கு இடம் கிடையாது. பணக்காரன் எப்போது வேண்டுமானாலும் நிபுணரை வாடகைக்கு எடுத்துவிடுவான். இல்லாதவன் பக்கம் நிற்கக்கூடியது முன்கூட்டியே, யாருக்கும் சார்பில்லாமல், பொதுப் பணத்தில் எழுதிவைத்த கணக்கு மட்டும்தான்.

உலக அளவில் அந்தக் கணக்கு துருவங்களில் எழுதப்படுகிறது. நாளை கடல் ஏறினது எவனால், மழை தப்பினது எவனால் என்று வழக்கு வரும்போது நாம் ஞாபகத்தை நீட்டிக்கொண்டு நிற்கக் கூடாது. அங்கே நம் ஆட்களும் இருக்க வேண்டும், நம் நோட்டும் இருக்க வேண்டும். அந்த எண்கள் தமிழிலும் வெளிவர வேண்டும், டீக்கடைக்காரர் எடுத்துக் கேள்வி கேட்கிற மாதிரி. வெள்ளாற்றுப் பாலத்தடியில் வருஷா வருஷம் மணல் மட்டத்தைக் குறித்து ஊராட்சிப் பலகையில் ஒட்ட வேண்டும். இரண்டையும் சேர்த்துக் கேளுங்கள். ஒன்றைக் காட்டி இன்னொன்றை வெட்டச் சொல்கிறவர், தெரிந்தோ தெரியாமலோ, மணல் அள்ளுகிறவனுக்குத்தான் வேலை செய்கிறார்.