எடை மட்டும் பார்த்தால் போதுமா?



இந்த முறை நான் எடுத்துக்கொண்ட தலைப்பு ஆகாய விமானம். "நம்மில் எத்தனை பேர் விமானத்தில் ஏறியிருக்கோம், இது நமக்கெதுக்கு?" என்று சிலர் கேட்கலாம். விமானம் விடும் புகை, ஏறினவங்களுக்கு மட்டும் தனியாகப் போவதில்லை. 1 கிலோ விமான எரிபொருள் எரிந்தால் 3 கிலோவுக்கு மேல் கார்பன் டை ஆக்சைடு வருகிறது. அது எல்லோருக்கும் பொதுவான காற்றில்தான் கலக்கிறது. எனவே கேள்வி கேட்கும் உரிமை நமக்கும் உண்டு.

விமானம் என்றால் இறக்கையும் இன்ஜினும் மட்டும் இல்லை. உள்ளே ஏசி, ஜெனரேட்டர், பேட்டரி, ஒயர், எண்ணெய்க் குழாய், தண்ணீர்த் தொட்டி என்று ஏகப்பட்ட சாமான்கள் இருக்கின்றன. அத்தனையையும் சுமந்துகொண்டுதான் பறக்க வேண்டும். நெடுந்தூர விமானத்தில் எவ்வளவு எடை கூடுகிறதோ, அதில் மணிக்குச் சுமார் 3 சதவீதம் அளவுக்கு எரிபொருள் கூடுதலாகச் செலவாகும் என்பது தோராயக் கணக்கு. 100 கிலோ கூடினால் மணிக்கு 3 கிலோ. வருஷத்துக்கு 3,000 மணி நேரம் பறந்தால் 9,000 கிலோ! சிறுதுளி பெருவெள்ளம் என்பது இதுதான்.

எடையைக் குறைக்க நல்ல வழிகளும் இருக்கு. ஏர்பஸ் ஏ380 விமானத்தில் 500 கிலோமீட்டருக்கு மேல் ஒயர் ஓடுகிறது. அதில் பல இடங்களில் தாமிரத்துக்குப் பதில் அலுமினிய ஒயர் போட்டார்கள். அலுமினியம் கொஞ்சம் குறைவாகத்தான் மின்சாரம் கடத்தும். அதனால் ஒயரைத் தடிமனாக்க வேண்டும். அப்படித் தடிமனாக்கின பிறகும் எடை ஏறக்குறைய பாதிதான் வரும். அமெரிக்கன் ஏர்லைன்ஸ் நிறுவனம் 2013-ல் விமானிகள் தூக்கி வந்த 16 கிலோ காகிதப் பையை எடுத்துவிட்டு ஐபேடு கொடுத்தது. இதனால் வருஷத்துக்கு 4 லட்சம் காலன் எரிபொருள் மிச்சம் என்று அந்த நிறுவனமே சொன்னது.

ஆனால் தராசை மட்டும் பார்த்து முடிவு கட்டுவது தவறு என்பது என் கருத்து. பழைய சைக்கிளில் டைனமோ பார்த்திருப்பீர்கள். கைக்குள் அடங்கும் சின்னப் பொருள். அதைச் சக்கரத்தில் சாய்த்துவிட்டு மிதித்துப் பாருங்கள், கால் வலிக்கும். அந்த வலி டைனமோவின் எடையால் வந்ததா? இல்லவே இல்லை. விளக்கு எரியத் தேவையான ஆற்றல் நம் காலிலிருந்து போகிறது. ஆற்றலை ஆக்கவும் முடியாது, அழிக்கவும் முடியாது என்று வகுப்பில் படித்தோமே! "மின்சாரம்தானே, அதுக்கு என்ன செலவு?" என்று நினைப்பவர்கள் இதை யோசிக்க வேண்டும். விமானத்தில் எரியும் ஒவ்வொரு விளக்கும் எரிபொருளைத்தான் குடிக்கிறது.

2011-ல் பயணிகளை ஏற்றத் தொடங்கிய போயிங் 787 இதற்கு நல்ல உதாரணம். மற்ற விமானங்களில் ஏசிக்கும் பயணிகள் மூச்சு விடுவதற்கும் வேண்டிய காற்றை இன்ஜினின் உள்ளேயிருந்தே எடுப்பார்கள். அது கொதிக்கும் காற்று. பாடுபட்டு அழுத்திச் சூடாக்கிய காற்றைத் திரும்பவும் குளிர வைக்க வேண்டும், அந்தச் சக்தி வீண்தானே? 787-ல் அந்த முறையை விட்டுவிட்டு, வெளிக்காற்றை மின்சாரத்தால் அழுத்தி உள்ளே அனுப்புகிறார்கள். இதற்காக இன்ஜின்களில் 250 கே.வி.ஏ. ஜெனரேட்டர் 4, வால் பகுதியில் 225 கே.வி.ஏ. ஜெனரேட்டர் 2 வைத்திருக்கிறார்கள். மொத்தம் 1,450 கே.வி.ஏ. எங்கள் தெருமுனை டிரான்ஸ்பார்மரில் 100 கே.வி.ஏ. என்று எழுதியிருக்கும். அப்போ அது மாதிரி பதினாலரை டிரான்ஸ்பார்மர்! ஜெனரேட்டர் பெரிதானாலும் இந்த முறையால் சுமார் 3 சதவீதம் எரிபொருள் மிச்சம் என்று போயிங் கணக்கிட்டது. தராசை மட்டும் பார்த்திருந்தால் இந்த லாபம் கண்ணில் பட்டிருக்காது.

அதே விமானத்தில் இன்னொரு பாடமும் இருக்கு. எடை குறைவு, சக்தி அதிகம் என்று லித்தியம் அயனி பேட்டரி வைத்தார்கள். 2013 ஜனவரி 7-ஆம் தேதி அமெரிக்காவின் பாஸ்டனில், பயணிகள் இறங்கிய பிறகு ஒரு 787-ல் பேட்டரி தீப்பிடித்தது. 16-ஆம் தேதி ஜப்பானில் இன்னொரு 787 அவசரமாகத் தரையிறங்கியது. யாரும் உயிரிழக்கவில்லை. ஆனாலும் உலகம் முழுவதும் எல்லா 787 விமானங்களையும் நிறுத்தினார்கள். அப்புறம் பேட்டரியைக் கனமான எஃகுப் பெட்டிக்குள் வைத்து, புகை வெளியே போகக் குழாய் போட்டு, ஏப்ரலில்தான் மறுபடி பறக்கவிட்டார்கள். அந்தப் பெட்டிக்கும் எடை உண்டே! முதலிலேயே பெட்டியையும் சேர்த்து நிறுத்துப் பார்த்திருக்க வேண்டாமா?

ஆகவே விமானத்துக்குள் ஒரு சாமானை வைக்கும் முன் மூன்று கேள்வி கேட்க வேண்டும் என்பேன். எவ்வளவு எடை? இன்ஜினிடம் எவ்வளவு ஆற்றல் வாங்குகிறது? பழுதானால் என்ன ஆகும்? முதல் இரண்டில் ஒன்று கூடி ஒன்று குறையலாம், கணக்குப் போட்டு எது லாபம் என்று பார்க்கலாம். மூன்றாவதில் மட்டும் பேரம் பேசக் கூடாது. அதில் தேறினால்தான் மற்ற இரண்டையும் பார்க்க வேண்டும். எரிபொருள் மிச்சமாவது நம் காற்றுக்கு நல்லது. உள்ளே இருப்பவர்கள் பத்திரமாக இறங்குவது அதைவிட முக்கியம்.

சிந்திப்போம் தோழர்களே!

– ஒன்பதாம் வகுப்பு மாணவி