நேரத்தை மிச்சம் பிடிப்போம்!



"எங்கள் ஊர்" என்ற தலைப்பில் பத்துப் பக்கம் டைப் செய்து வரச் சொல்கிறார் ஆசிரியர். ராஜபாளையம் மாணவன் ஒருவன் எழுதி முடிக்கிறான். கடைசியில் பார்த்தால், எல்லா இடத்திலும் "ராஜபாலையம்" என்று இருக்கிறது! ஒவ்வொன்றாகத் தேடித் திருத்தினால் மாலை முழுவதும் போய்விடும். விளையாட நேரம் ஏது?

இதற்குத்தான் கம்ப்யூட்டரில் "தேடு, மாற்று" வசதி இருக்கிறது. கன்ட்ரோல், எச் இரண்டையும் சேர்த்து அழுத்துங்கள். பிழையையும் சரியான சொல்லையும் கொடுங்கள். நொடியில் எல்லாம் மாறிவிடும்.

ஆனால், தமிழுக்கு ஒரு சூட்சுமம் உண்டு. "ராஜபாலையம்" என்று தேடினால், "ராஜபாலையத்தில்", "ராஜபாலையத்துக்கு" எல்லாம் அகப்படாது. நம் மொழியில் வேற்றுமை உருபு சேரும்போது சொல்லின் கடைசி மாறுகிறது அல்லவா? எனவே, மாறாத பகுதியான "ராஜபாலைய" என்பதை மட்டும் தேடி, "ராஜபாளைய" என்று மாற்றுங்கள். அத்தனையும் சரியாகிவிடும். இலக்கண வகுப்பில் படித்தது கம்ப்யூட்டரிலும் உதவுகிறது, பார்த்தீர்களா?

பக்கத்து ஊரான ஸ்ரீவில்லிபுத்தூரில் வேறொரு சிக்கல். கம்ப்யூட்டருக்கு எழுத்தின் உருவம் தெரியாது. அதற்குரிய எண்தான் தெரியும். "ஸ்ரீ" என்ற எழுத்தை யூனிகோடு முறையில் இரண்டு விதமாகப் பதிவு செய்ய முடியும். கண்ணுக்கு இரண்டும் ஒன்றுதான். ஆனால் ஒன்றைத் தேடினால் மற்றொன்று கிடைக்காமல் போகலாம். அதனால் "வில்லிபுத்தூ" என்று மட்டும் தேடுங்கள். திருவில்லிபுத்தூர் என்று எழுதியிருந்தாலும் சிக்கிவிடும்!

"எல்லாவற்றையும் மாற்று" என்ற பொத்தானில் மட்டும் கவனம் தேவை. "பால்" என்பதை "நெய்" என்று மாற்றச் சொன்னால், 2019ல் புவிசார் குறியீடு பெற்ற ஸ்ரீவில்லிபுத்தூர் பால்கோவா, "நெய்கோவா" ஆகிவிடும். 2005ல் ராஜபாளையம் நாய்க்கு வெளியிட்ட தபால்தலை, "தநெய்தலை" ஆகிவிடும்! அப்படி ஆனால் பயப்பட வேண்டாம். கன்ட்ரோல், இசட் அழுத்தினால் பழைய நிலைக்குத் திரும்பிவிடும்.

கன்ட்ரோல், எஸ் அழுத்தி அடிக்கடி சேமிக்கவும் பழகுங்கள். திடீரென மின்சாரம் போனாலும் உழைப்பு போகாது.

டைப் செய்வதிலும் நேரம் மிச்சமாகும். 1999ல் சென்னையில் நடந்த தமிழ்நெட் 99 மாநாட்டைத் தொடர்ந்து, தமிழக அரசு "தமிழ் 99" விசைப்பலகையை ஏற்றுக்கொண்டது. ஆங்கில எழுத்துகளால் "தக்காளி" என்று அடிக்க ஒன்பது முறை தட்ட வேண்டும். தமிழ் 99ல் த, க, க, ஆ, ள, இ என்று ஆறு முறை போதும். இரண்டு "க" அடுத்தடுத்து வந்தால், முதல் எழுத்துக்குப் புள்ளி தானே விழுந்துவிடும். ஒரு மாதம் தினமும் கால் மணி நேரம் பழகிப் பாருங்கள்; விரல்கள் தாமே ஓடும்.

வெட்டி ஒட்டும் வசதியை உருவாக்கியவர்களில் முக்கியமானவர் அமெரிக்க விஞ்ஞானி லாரி டெஸ்லர். 2020ல் மறைந்தார். நாம் எழுதியதையே மீண்டும் எழுதாமல் இடம் மாற்றி வைக்கத்தான் அந்த வசதி. அடுத்தவர் எழுதியதை எடுத்து நம் பெயரில் ஒட்டுவதற்கு அல்ல! அதில் நேரம் மிச்சமாவது போலத் தோன்றும்; ஆனால், எதையும் கற்றுக்கொள்ளாமல் போவது நாம்தான்.

மிச்சமாகும் நேரத்தை என்ன செய்யலாம்? 1988ல் தொடங்கிய ஸ்ரீவில்லிபுத்தூர் சாம்பல் நிற அணில் சரணாலயம் பற்றி எழுதுகிறீர்களா? அந்த மலையடிவாரத்தில் வாழும் பெரியவர்களிடம் போய்க் கேளுங்கள். எந்த மரத்தில் அந்த அணில் கூடு கட்டும், எப்போது கண்ணில் படும் என்று கேட்டு எழுதுங்கள். அந்த நாலு வரி, உங்கள் கட்டுரையில் மட்டுமே இருக்கும்.

விரல் வேலையைக் கம்ப்யூட்டர் குறைக்கட்டும். மூளை வேலையை நாம் செய்வோம். சரிதானே செல்லங்களே!