ஏலம் போட்ட கை எது? வெந்த கை எது?

டில்லிப் பல்கலைக் கழகம்! நாடாளும் தலைநகரில் தலைநிமிர்ந்து நிற்கும் கல்விக் கூடம். அதன் வேதியியல் துறையிலே கனத்த கருவியொன்று கிடந்தது. 1968-ல் கனடாவிலிருந்து வந்தது. 1985-க்குப் பிறகு தொடுவாரில்லை. அதன் வயிற்றுக்குள்ளே கோபால்ட்-60 எனும் உலோகம்; கண்ணுக்குத் தெரியாத கதிரை ஓயாது உமிழும் உலோகம்.

2010 பிப்ரவரியில் அதை ஏலத்தில் விற்றார்கள். பழைய இரும்போடு இரும்பாக விற்றார்கள், தோழர்களே! போய்ச் சேர்ந்த இடம் மாயாபுரி, டில்லியின் காயலான் கடைப் பகுதி. உடைத்தவர் யார்? அன்றாடக் கூலிக்குச் சம்மட்டி பிடிக்கும் நம் வர்க்கத்துத் தோழர்கள். ஈயக் கவசம் பிளந்தது. உள்ளிருந்த துண்டுகள் கடைக்குக் கடை கைமாறின. ஒருவர் தம் பணப்பையிலேயே ஒரு துண்டை வைத்துக்கொண்டார்! தோல் கருத்தது, முடி உதிர்ந்தது. ஏப்ரலில் செய்தி வெளிவந்தது. அம்மாதமே தொழிலாளி ஒருவர் மாண்டார். மற்றும் பலர் மருத்துவமனையில்.

"பழைய கருவிதானே" என்று வாதாடுவோர் கணக்கைப் பார்க்கட்டும். கோபால்ட்-60-ன் வீரியம் ஏறத்தாழ 5 ஆண்டு 3 மாதத்துக்கு ஒருமுறை பாதியாகிறது. 42 ஆண்டுகளில் எட்டுமுறை பாதியாகி, மிஞ்சியது சற்றொப்ப 256-ல் ஒரு பங்கு. அந்த ஒரு பங்கே ஓர் உயிரைக் குடித்தது! பேராசிரியர் ஓய்வு பெறலாம். கோபால்ட் ஓய்வு பெறுமா?

சட்டம் இல்லையா? இருந்தது. கதிரியக்கக் கழிவுக்கென்றே 1987-ல் விதிகள் வந்தன. பயன் தீர்ந்த கதிர்மூலத்தை விற்றவருக்கே திருப்ப வேண்டும். இன்றேல் அணுசக்தித் துறையின் கிடங்குக்கு அனுப்ப வேண்டும். கண்காணிக்க, அணுசக்தி ஒழுங்குமுறை வாரியம் 1983 முதலே இருக்கிறது. சாவு விழுந்த பின்னர், பல்கலைக் கழகம் கதிர்மூலங்களைப் பயன்படுத்த வாரியம் தடை போட்டது. கண்கெட்ட பிறகு சூரிய நமஸ்காரம்! (நமக்கு அந்த நமஸ்காரத்தில் நம்பிக்கையில்லை; பழமொழி பொருந்துகிறது, அவ்வளவே.) கழிவான கதிர்மூலங்கள் உண்மையிலேயே பத்திரமாக அகற்றப்பட்டனவா என்று சரிபார்க்க வாரியத்திடம் ஒழுங்கான ஏற்பாடு இல்லையென்று 2012-ல் மத்திய தலைமைத் தணிக்கையாளரே எழுதினார்.

"கருவிமேல் குறி இருக்குமே" என்பார்கள். மூன்று இதழ்க் குறி! படித்தவருக்குத் தெரியும். பிரேசிலின் கோயானியா நகரில், 1987-ல், கைவிடப்பட்ட மருத்துவமனைக் கருவியைப் பழைய இரும்பு பொறுக்கியோர் உடைத்தனர், நால்வர் மாண்டனர். அந்த இதழ்க் குறி பாமரருக்கு எதையும் உணர்த்தவில்லை என்பதை உலகம் ஒப்புக்கொண்டு, மண்டையோடும் ஓடும் மனிதனும் கொண்ட சிவப்புக் குறியை 2007-ல் வெளியிட்டது. இருபது ஆண்டு பிடித்தது, கூலிக்காரனுக்கும் புரிய வேண்டுமென்ற எண்ணம் பிறக்க!

கதிரோடு முடிவதில்லை. கல்லூரிதோறும் அமிலம் உண்டு, பாதரசம் உண்டு, பெயர்ச்சீட்டு உதிர்ந்த புட்டிகள் உண்டு. அவற்றைக் கழுவுவோர் பட்டதாரிகளல்லர், கடைநிலை ஊழியர். எனவே நாம் கேட்கிறோம்: ஆய்வுக்கூடச் சரக்குப் பட்டியல் தொழிற்சங்கத்தின் பார்வைக்கு வரவேண்டும். எந்தப் புட்டியில் என்ன நஞ்சு என்பதைத் துடைப்பம் பிடிப்பவருக்கு அவர் மொழியிலேயே சொல்ல வேண்டும். ஏலத்துக்குப் போகும் ஒவ்வொரு கருவிக்கும், "உள்ளே ஆபத்தில்லை" என்று துறைத் தலைவர் தம் பெயரெழுதிக் கையொப்பமிட வேண்டும்.