அமானிதப் பொருளுக்கு ஓர் ஆசிரியர் சாட்சி

தாமிரபரணிக் கரையில் பிறந்து வளர்ந்தோர் கன்னடியன் கால்வாயின் கதையைக் கேளாமல் வளர்ந்திருக்க இயலாது. கன்னட நாட்டினின்று வந்த ஒருவர் தமக்குக் கிடைத்த பெரும்பொருளை அம்பாசமுத்திரத்தில் தாம் நம்பிய ஒருவரிடம் ஒப்படைத்துவிட்டுப் பொதிகை மலைக்குச் சென்றார். திரும்பி வந்து கேட்டபோது பொன் இருந்த மூட்டையில் துவரம்பருப்பு இருந்தது. வழக்கு எழுந்தது, சாட்சி இல்லை. சத்தியம் செய்யும் நிலை வந்தபோது புளிய மரமும் பொய் சொன்னவரும் எரிந்து போயினர் என்பது கதை. காசிபநாதர் கோயில் இறைவனுக்கு எரிச்சாவுடையார் என்னும் பெயர் வழங்குவதையும் இக்கதையோடு சேர்த்துச் சொல்வர். மீண்ட பொருளைக் கொண்டு அவர் வெட்டிய கால்வாய் இன்றும் கல்லிடைக்குறிச்சி, வீரவநல்லூர், சேரன்மகாதேவி, பத்தமடை என ஏறத்தாழ 12,500 ஏக்கர் நிலத்துக்கு நீர் தருகின்றது.

கதை பல வடிவங்களில் வழங்குகின்றது. அதன் உட்பொருள் ஒன்றே: ஒப்படைத்த பொருளுக்குச் சாட்சி வேண்டும். நம்பிக்கை மட்டும் போதாது. பொருளைக் கொடுத்தவர் கண்காண, அது எங்கே இருக்கின்றது, எவ்வளவு இருக்கின்றது என்று சொல்வார் ஒருவர் உடனிருத்தல் வேண்டும். புளிய மரம் எரியும் என்று நாம் காத்திருக்க இயலாது.

நம் சமுதாயம் இதனை அமானிதம் என்னும் சொல்லால் அறியும். பள்ளிவாசல் வரவு செலவை ஜமாஅத்தார் முன் வாசிப்பதும், முத்தவல்லியிடம் கணக்குக் கேட்பதும் அவர்மீது ஐயம் கொண்டு செய்யும் செயல்கள் அல்ல. கணக்குக் காட்டுவது நல்லவருக்குப் பெருமை, அல்லவருக்குத் தடை. இந்த எளிய நெறியை ஆசிரியரின் முதுமைக்கால நிதிக்கும் பொருத்திப் பார்க்க வேண்டும் என்பதே இக்கட்டுரையின் வேண்டுகோள்.

ஓய்வூதியம் இரவலன்று

சென்னை மாநிலத்தில் உதவி பெறும் பள்ளி ஆசிரியர்களுக்கு 1955ஆம் ஆண்டில், காமராசர் முதலமைச்சராக இருந்த காலத்தில், சேமநிதி, காப்பீடு, ஓய்வூதியம் என்னும் மூன்று நலன்களும் இணைந்த திட்டம் வந்தது. அதற்கு முன்னர் எத்தனையோ தமிழாசிரியர்கள் நாற்பதாண்டு பாடம் சொல்லிவிட்டு, இறுதியில் தம் மாணவர் வீட்டுத் திண்ணையை நம்பி வாழ்ந்தனர். 1982 டிசம்பர் 17 அன்று நகரா வழக்கில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பு வழங்கியது. ஓய்வூதியம் அரசு மனமிரங்கி அளிக்கும் கொடை அன்று. செய்த பணிக்காக உரியவர்க்குச் சேர வேண்டிய உரிமை என்பதை அத்தீர்ப்பு நிலைநாட்டியது. அந்நாளை ஓய்வூதியர் நாளாக நாடெங்கும் கொண்டாடுகின்றனர்.

இந்த நிலை 2003ஆம் ஆண்டில் மாறியது. அவ்வாண்டு ஏப்ரல் 1 முதல் தமிழக அரசுப் பணியில் சேர்ந்தோர் பங்களிப்பு ஓய்வூதியத் திட்டத்தின் கீழ் வந்தனர். அடிப்படை ஊதியமும் அகவிலைப்படியும் சேர்ந்த தொகையில் 10 விழுக்காடு பிடித்தம். அதே அளவு அரசின் பங்கு. நடுவண் அரசு 2004 ஜனவரி 1 முதல் தன் புதிய திட்டத்தைத் தொடங்கிற்று. பிற மாநிலங்கள் பல அதில் இணைந்தன. தமிழகம் அதில் இணையாமல் நிதியைத் தன் பொறுப்பிலேயே வைத்துக்கொண்டது.

ஒரு சிறு கணக்குப் போட்டுப் பார்ப்போம். மாதம் 40,000 ரூபாய் பெறும் ஆசிரியரிடம் பிடிப்பது 4,000. அரசின் பங்கு 4,000. ஆண்டுக்கு 96,000. ஊதிய உயர்வையும் வட்டியையும் விட்டுவிட்டாலும் முப்பது ஆண்டுகளில் 28,80,000 ரூபாய். ஒருவருக்கு இவ்வளவு எனின், பல இலட்சம் பேரின் தொகையை எண்ணிப் பாருங்கள். இத்துணைப் பெரிய நிதியை எங்கே முதலிடுவது, எவ்வளவு வட்டி தருவது என்று முடிவு செய்யும் இடத்தில், அதற்குப் பணம் கட்டிய ஆசிரியர்கள் வாக்களித்து அனுப்பிய ஒரே ஓர் உறுப்பினருக்கும் நாற்காலி போடப்படவில்லை. 2003க்குப் பின் பணியேற்று ஓய்வு பெற்றோர் பலர், திரண்ட தொகையை மட்டும் பெற்றுக்கொண்டு, மாத ஓய்வூதியமின்றி வீடு திரும்பினர். தம் பணம் எவ்வாறு வளர்ந்தது என்று கேட்பதற்கு அவர்களுக்கு ஓர் அவை இருக்கவில்லை.

திட்டங்களை ஆராயக் குழுக்கள் பல அமைந்தன. 2025 பிப்ரவரியில் மூவர் குழு ஒன்று அமைந்தது. 2026 ஜனவரியில் உறுதியளிக்கப்பட்ட ஓய்வூதியத் திட்டம் ஒன்றை அரசு அறிவித்தது. இறுதி ஊதியத்தில் 50 விழுக்காடு ஓய்வூதியம் என்பது அதன் சாரம். அதிலும் ஊழியரின் 10 விழுக்காட்டுப் பங்களிப்பு உண்டு. நாம் அழுத்திச் சொல்ல விரும்புவது இதுதான்: திட்டத்தின் பெயர் எதுவாயினும், பங்களிப்பு உள்ளவரை நிதி உண்டு, நிதி உள்ளவரை அதற்குக் காவலும் சாட்சியும் வேண்டும்.

பிற நாடுகள் கற்ற பாடம்

இங்கிலாந்தில் ராபர்ட் மேக்ஸ்வெல் என்னும் செய்தித்தாள் அதிபர் 1991 நவம்பரில் மறைந்தார். அதன் பின்னரே அவருடைய நிறுவனத் தொழிலாளரின் ஓய்வூதிய நிதியிலிருந்து 40 கோடி பவுண்டுக்கும் மேற்பட்ட தொகை காணாமற்போனது வெளிப்பட்டது. பொன் மூட்டையில் துவரம்பருப்பு இருந்த கதை அங்கும் நிகழ்ந்தது. அந்நாட்டு நாடாளுமன்றம் 1995இல் ஓய்வூதியச் சட்டம் இயற்றி, நிறுவன ஓய்வூதிய நிதிகளின் அறங்காவலருள் மூன்றில் ஒரு பங்கினர் உறுப்பினர்களால் அனுப்பப்பட வழி செய்தது.

அமெரிக்காவின் ஒகையோ மாநிலம் இதனினும் ஒரு படி முன்னே சென்றது. அதன் ஆசிரியர் ஓய்வூதிய வாரியத்தின் 11 இடங்களில் ஐந்தினைப் பணியில் உள்ள ஆசிரியரும் இரண்டினை ஓய்வு பெற்றோரும் வாக்களித்து நிரப்பும் முறை பல ஆண்டுகள் இருந்து வந்தது. 2017இல் வாரியம் விலைவாசிக்கேற்ற ஆண்டு உயர்வை நிறுத்தியது. முதிய ஆசிரியர்கள் சினந்தனர். ஆயினும் கல்லெறியவில்லை, வாக்குச்சீட்டை எடுத்தனர். அடுத்தடுத்த தேர்தல்களில் மாற்றம் வேண்டிய புதியவர்களை அனுப்பினர். 2022இல் ஒருமுறை உயர்வாக 3 விழுக்காடு கிடைத்தது.

இக்கதையின் மறுபக்கத்தையும் மறைத்தல் நேர்மையன்று. அதே வாரியத்தில் பூசல் மூண்டது. 2024இல் உறுப்பினர் இருவரை நீக்கக் கோரி மாநிலத்தின் தலைமை வழக்கறிஞரே வழக்குத் தொடுத்தார். தேர்தல் என்பது தீங்கெல்லாம் தீர்க்கும் மருந்தன்று. தேர்ந்தெடுக்கப்பட்டவரையும் கண்காணிக்க வேண்டும் என்பதே அந்நிகழ்ச்சி தரும் பாடம். ஆனால் அங்கே எல்லாம் வெளிச்சத்தில் நடந்தது. இருட்டில் நிலவும் அமைதியைவிட வெளிச்சத்தில் நிகழும் வாதம் நன்று.

நமக்குப் புதிதன்று

ஆசிரியர் வாக்களித்துத் தம்முள் ஒருவரை அனுப்புதல் நம் மண்ணுக்குப் புதிய செய்தி அன்று. 1986இல் கலைக்கப்படும்வரை நம் சட்ட மேலவையில் ஆசிரியர் தொகுதிகள் இருந்தன. மேலவை உறுப்பினரில் பன்னிரண்டில் ஒரு பங்கினரை ஆசிரியரே தேர்ந்தெடுக்க அரசமைப்புச் சட்டத்தின் 171ஆம் பிரிவு இடமளிக்கின்றது. நெல்லையின் மூத்த ஆசிரியர்களுக்கு அத்தேர்தல்கள் இன்றும் நினைவிருக்கும்.

நீரைப் பாருங்கள். 2000ஆம் ஆண்டின் பாசன அமைப்புகள் குறித்த தமிழக உழவர் மேலாண்மைச் சட்டம், நீர் பெறும் உழவர் தம் சங்கத்துக்குத் தாமே வாக்களித்து நிருவாகிகளைத் தேர்ந்தெடுக்க வழி வகுத்தது. மடையில் வரும் நீரைப் பங்கிட உழவருக்கு வாக்கு உண்டு எனின், மாதந்தோறும் தம் ஊதியத்திலிருந்து நிதிக்கு நீர் வார்க்கும் ஆசிரியருக்கு வாக்கு ஏன் இல்லை?

தொழிலாளர் நிதியில் ஒரு பாதிவழி உண்டு. 1952ஆம் ஆண்டின் வருங்கால வைப்பு நிதிச் சட்டம் அமைத்த மத்திய அறங்காவலர் குழுவில் தொழிலாளர் சார்பில் 10 இடங்கள் வைக்கப்பட்டன. ஆனால் அவர்களைச் சங்கங்களைக் கலந்து நடுவண் அரசே நியமித்தது. விக்கிரமசிங்கபுரம் ஆலைத் தொழிலாளியின் பணம் அந்நிதிக்குச் சென்றது. அவருடைய வாக்கு செல்லவில்லை. நாம் கேட்பது நியமனம் அன்று, தேர்தல்.

சார்பின்மை என்பது யாது?

"சங்கங்கள் இருக்கின்றனவே, அவை போதாவா?" என்று கேட்பர். ஆசிரியர் சங்கங்களின் தொண்டினை நாம் குறைத்து மதிப்பிடவில்லை. 2003 சூலை வேலைநிறுத்தத்தின்போது ஒன்றரை இலட்சத்துக்கும் மேற்பட்டோர் பணிநீக்கம் செய்யப்பட்டதை நாடு மறக்கவில்லை. 2019 சனவரிப் போராட்டத்தையும் மறக்கவில்லை. பழைய ஓய்வூதியக் கோரிக்கையை அணையாமல் காத்தவை சங்கங்களே. ஆயினும் உரிமை கேட்டுத் தெருவில் நிற்கும் பணி வேறு; நிதியைக் காத்து அவையில் அமரும் பணி வேறு. முன்னதற்கு ஒரே குரல் வேண்டும். பின்னதற்குத் தனித்து நின்று சிந்திக்கும் மனம் வேண்டும். சங்கத் தலைமையிடமோ, கட்சியிடமோ, கோட்டையிடமோ கேட்டு வந்து கை தூக்குபவர் காவலர் ஆகார், தூதுவரே ஆவார். சார்பற்ற ஆசிரியர் என்று நாம் குறிப்பது நண்பர் இல்லாதவரை அன்று, எவருக்கும் கடன்படாதவரை.

"ஆசிரியருக்கு முதலீடு தெரியுமா?" என்பது அடுத்த வினா. முதலீட்டு வல்லுநர்களைக் கூலி கொடுத்து அமர்த்தலாம். வல்லுநரிடம் வினாக் கேட்பவரைக் கூலிக்கு அமர்த்த இயலாது. கணக்கு ஆசிரியர் ஒருவர் வட்டி வீதத்தை ஏன் குறைத்தீர் என்று கேட்பார். தமிழாசிரியர் ஒருவர் இந்த அறிக்கை எனக்கே விளங்கவில்லையே, சங்கரன்கோவிலில் உள்ள ஓய்வூதியருக்கு எவ்வாறு விளங்கும் என்று கேட்பார். இரண்டும் நிதியைக் காக்கும் வினாக்களே.

"அரசே உறுதி கூறியபின் காவல் எதற்கு?" என்பாரும் உளர். 2003க்கு முன்னும் அரசின் உறுதி இருந்தது. புதிதாகப் பணியேற்றோருக்கு அது ஓர் ஆணையால் மாறிற்று. உறுதி எழுத்தில் இருக்கும். அதனை நாள்தோறும் நினைவூட்ட ஓர் ஆள் இருத்தல் வேண்டும்.

எனவே நாம் முன்வைக்கும் கோரிக்கைகள் இவை. ஆசிரியரிடம் பங்களிப்புப் பெறும் ஓய்வூதிய நிதி எதுவாயினும் அதற்கு ஒரு வாரியம் வேண்டும். அதில் பணியிலிருக்கும் ஆசிரியர்களும் ஓய்வு பெற்றோரும் இரகசிய வாக்கெடுப்பில் தனித்தனியே தேர்ந்தெடுக்கும் உறுப்பினர் இருத்தல் வேண்டும். அரசுப் பள்ளியாருக்கு மட்டுமன்றி, நம்மைப் போன்ற சிறுபான்மையினர் நடத்தும் உதவி பெறும் பள்ளி, கல்லூரி ஆசிரியருக்கும் அதில் வாக்குண்டு. உறுப்பினராக இருக்கும் காலத்தில் அவர் சங்கப் பொறுப்போ கட்சிப் பொறுப்போ வகித்தல் ஆகாது; தம் சொத்து விவரத்தை வெளியிட வேண்டும். ஆண்டுதோறும் நிதியின் நிலையை எளிய தமிழில் எழுதி ஒவ்வொரு பள்ளியின் அறிவிப்புப் பலகைக்கும் அனுப்ப வேண்டும். தவறினால் அவரை நீக்கும் வழியும் சட்டத்தில் இருத்தல் வேண்டும்.

மாணவச் செல்வங்களே! ஓய்வூதியம் முதியோர் பேச்சு என்று நீங்கள் இப்பக்கத்தைப் புரட்டிவிடலாகாது. உங்களுள் பலர் நாளை கல்வியியல் பட்டம் பெற்று, அம்பையிலோ கடையத்திலோ ஒரு வகுப்பறையில் நிற்பீர்கள். முதல் மாத ஊதியச் சீட்டில் பிடித்தம் என்னும் ஒரு வரி இருக்கும். அவ்வரியின் அருகே விரலை வைத்து, இது எங்கே செல்கின்றது, யார் காக்கின்றார் என்று கேளுங்கள். சமுதாயப் பெரியோர்களே! அறக்கட்டளைக்கும் பள்ளிவாசலுக்கும் கணக்குக் கேட்டுப் பழகிய உங்கள் குரல் ஆசிரியர்களுக்கும் துணை நிற்கட்டும்.

கன்னடியன் கால்வாயில் கார் சாகுபடிக்கு நீர் திறக்கும்போது, மடைதோறும் ஒருவர் நின்று பார்ப்பார். நீர் திருடுபோகும் என்னும் அச்சம் மட்டும் அதற்குக் காரணமன்று. கடைமடை வயலுக்கும் நீர் சென்று சேர்ந்தது என்று சொல்ல ஒருவர் வேண்டும் என்பதே காரணம். ஆசிரியரின் நிதி என்னும் கால்வாயின் மடையிலும், ஆசிரியர்கள் தாமே தெரிந்து நிறுத்திய ஒருவர் நிற்கட்டும்.